காலணிக்கு வரி, கல்தச்சர் மேல் பழி!

ஆட்சி கவிழ்ந்தால் ஏன் கவிழ்ந்தது என்று கேட்பவர் சிலர். யார் கழுத்தில் பழியைக் கட்டலாம் என்று கயிற்றோடு கிளம்புபவர் பலர். கவிழ்ந்தது பெரும்பான்மை இல்லாத ஆட்சி, கவிழ்ந்த இடம் வரவு செலவுத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பு என்றால், அந்தக் கயிறு எப்போதும் மெலிந்த கழுத்தையே தேடிப் போகும். திட்டத்தைத் தீட்டிய நிதியமைச்சரிடம் போகாது. எதிர்த்து வாக்களித்த எதிர்க்கட்சிப் பெரும்படையிடமும் போகாது. "எதிர்ப்பது அவர்கள் தொழில்" என்று மன்னித்துவிடுவார்கள். நடுவிலே தனித்து நின்ற ஒருவர், படை பலமோ பண பலமோ இல்லாத ஒருவர், அவர்தாம் அகப்படுவார். "உன் ஒரு வாக்கால் அல்லவா வந்தது கேடு! நீ வாய் பொத்தி இருந்திருந்தால் அந்த வல்லடிக்காரன் வந்திருப்பானா?" என்று ஏடுகள் கேட்கும், மேடைகள் கேட்கும், முற்போக்குப் பேசும் நண்பர்களும் கேட்பார்கள்.

இளைஞர்களை ஊமையாக்க இதைவிட வசதியான கேள்வி வேறில்லை. ஆகவே இதை ஒரு முறை நன்றாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று கருதுகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது 1982ஆம் ஆண்டு அயர்லாந்து. அது நமக்கு முற்றிலும் அன்னிய வீடன்று. இந்திய அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் என்ற பகுதி, அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து அமைக்கப்பட்டதே. அதே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனிச் சிறப்பிடம் என்று எழுதி வைத்திருந்தார்கள்; 1972இல்தான் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்தச் சொற்களை அகற்றினார்கள். இதை இங்கேயே சொல்லி வைக்கிறோம், பின்னால் தேவைப்படும்.

முதலில் கணக்கு. வகுப்பறையில் கரும்பலகைக்கு முன் நிற்கும் பழக்கம் நம்மை விடவில்லை. 1981 ஜூன் தேர்தலுக்குப் பின் அயர்லாந்து மக்களவையில் இடங்கள் 166. காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஃபைன் கேல் கட்சிக்கு 65; அதனோடு சேர்ந்த தொழிற்கட்சிக்கு 15; ஆக 80. எதிரே சார்லஸ் ஹாஹியின் ஃபியன்னா ஃபால் கட்சிக்கு 78. சிறையிலிருந்தபடியே வெற்றி பெற்ற இருவரில் ஒருவர் உண்ணாநோன்பில் உயிர் நீத்தார். மற்றவர் அவைக்கே வரவில்லை. அவைத்தலைவர் ஒருவர். இவர்கள் மூவரைக் கழித்தால் வாக்களிக்கக் கூடியவர்கள் 163 பேர். வெற்றிக்கு வேண்டியது 82. கையில் இருந்ததோ 80. எஞ்சிய ஐவரில் இருவரையாவது தம் பக்கம் வைத்துக்கொண்டால்தான் ஆட்சி ஒரு நாள் நகரும். இது நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. ஃபிட்ஸ்ஜெரால்டோ பொருளாதாரப் பேராசான்; பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்.

அந்த ஐவரில் ஒருவர் ஜிம் கெம்மி. லிமரிக் நகரத்துக் கல்தச்சர். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு உளி பிடித்தவர். சமதர்மவாதி. எந்தப் பெரிய கட்சியின் கொடிக்கம்பத்திலும் கட்டப்படாதவர். 1981இல் ஃபிட்ஸ்ஜெரால்டு பிரதமராவதற்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1982 ஜனவரி 27. நிதியமைச்சர் ஜான் புரூட்டன் வரவு செலவுத் திட்டத்தை வாசித்தார். கருவூலம் காலி, கடன் மலையாய்க் குவிந்திருந்தது, உண்மைதான். அந்தக் கடனுக்கு விதை போட்டவர்கள் எதிர்வரிசையில் அமர்ந்திருந்த ஃபியன்னா ஃபால் கட்சியினர்தாம். 1977 தேர்தலில் வீட்டு வரி ரத்து, கார் வரி ரத்து என்று வாரி இறைத்து வாக்கு வாங்கியவர்கள் அவர்கள். வாக்கு அவர்களுக்கு, வட்டி நாட்டுக்கு! ஆகவே பற்றாக்குறையைக் குறைக்க வேண்டும் என்பதில் ஃபிட்ஸ்ஜெரால்டோடு நமக்குச் சண்டையில்லை. யார் பையிலிருந்து எடுப்பது? சண்டை அங்கேதான்.

புரூட்டன் எடுத்த இடம் எது? உணவு மானியத்தில் வெட்டு. அப்போது மதிப்புக் கூட்டு வரியின் கை படாதிருந்த உடைக்கும் காலணிக்கும் 18 விழுக்காடு வரி. குழந்தைகளின் உடையும் அதில் அடக்கம். குழந்தைகளின் காலணியும் அடக்கம்!

குழந்தை வளரும் பொருள் அல்லவா? பணக்காரன் வீட்டுக் குழந்தையின் காலும் வளரும். கப்பல் துறையில் சுமை தூக்குபவன் வீட்டுக் குழந்தையின் காலும் வளரும். வளர்ந்த காலுக்குப் புதுக் காலணி வேண்டும். மழையும் குளிரும் ஓயாத அந்த நாட்டில் காலணி அணிகலன் அல்ல. நான்கு குழந்தை, ஐந்து குழந்தை என்று பெற்ற குடும்பங்கள் நிறைந்த நாடு அது. அப்படிப் பெற்றதற்கும் காரணம் உண்டு: கருத்தடைப் பொருள் வேண்டுமென்றால் மருத்துவர் கைச்சீட்டு எழுதித் தர வேண்டும் என்று 1979இல்தான் சட்டம் செய்திருந்தார்கள், அதற்கு முன் விற்பதே குற்றம். பெறாமல் இருக்க வழி தர மாட்டார்கள். பெற்றால் காலணிக்கு வரி போடுவார்கள். மதமும் கருவூலமும் ஒரே ஏழையின் சட்டைப் பையில் ஆளுக்கொரு கை விட்ட காட்சி அது.

"குழந்தைகளின் காலணியையாவது விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்டார்கள். வந்த விளக்கம் வரலாற்றில் நின்றுவிட்டது. சிறிய பாதம் உடைய பெண்கள் குழந்தைகளின் காலணியை வாங்கி அணிந்து வரியிலிருந்து தப்பிவிடுவார்களாம்! ஒரு நாட்டின் பற்றாக்குறையைப் பெண்களின் பாத அளவிலே கண்டுபிடித்த அறிவை என்னென்பது! வரி ஏய்ப்பை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் பெருஞ்செல்வரின் பெட்டகத்தைத் திறந்து பார்க்கவில்லை. கடையில் காலணி போட்டுப் பார்க்கும் பெண்ணின் காலைக் குனிந்து பார்த்தார்கள். இத்தனைக்கும் தொழிலாளர் பெயர் தாங்கிய கட்சி அந்த அமைச்சரவையில் வீற்றிருந்தது. அதன் தலைவர் துணைப் பிரதமர்.

மாலையில் வாக்கெடுப்பு. கெம்மி எதிர்க்கப் போகிறார் என்று தெரிந்த கடைசி நேரத்தில் பிரதமர் தம் இருக்கையை விட்டு எழுந்து கெம்மியின் இருக்கைக்கே சென்று மன்றாடினார் என்பது அந்த அவையின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. பிரதமர் ஒருவர் கல்தச்சரிடம் கெஞ்சியதை இழிவென்று நாம் சொல்ல மாட்டோம். மக்களாட்சியின் மாண்பு அதுவே. ஆனால் அந்த நடையை ஒரு வாரத்துக்கு முன் நடந்திருக்க வேண்டாமா? திட்டம் அச்சேறுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதை, திட்டம் அவையில் தீப்பிடித்த பின்பா கேட்பது? நோயல் பிரவுன் ஒருவர் ஆட்சிக்கு ஆதரவாக நின்றார், ஆக 81. ஃபியன்னா ஃபால் 78, அதனோடு கெம்மி, பிளேனி, ஷெர்லாக், லாஃப்டஸ் நால்வரும் சேர்ந்து 82. ஒரு வாக்கில் ஆட்சி விழுந்தது. (இந்த லாஃப்டஸ், டப்ளின் விரிகுடாவைக் காக்கும் கொள்கைக்காகத் தம் பெயரோடு விரிகுடாவின் பெயரையும் சட்டப்படி சேர்த்துக்கொண்ட விந்தை மனிதர். அவர் பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் அன்று அவர் வாக்கை எண்ணி அழுதார்கள்.)

பிறகு தொடங்கியது பழிப்படலம். நால்வர் எதிர்த்திருக்க, பழி கெம்மியின் மேல் குவிந்தது. ஏனென்றால் அவர் முன்பு ஆதரித்தவர். ஒரு முறை ஆதரித்தவன் எப்போதும் ஆதரிக்க வேண்டும்; தவறினால் துரோகி! இதுதான் அந்தப் பழியின் அடிப்படை. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாள் என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பெண்ணை இழுத்துப் பேசும் பழமொழி என்பதால் நாம் அதை விரும்புவதில்லை. ஆனால் ஆடத் தெரியாத ஆண்கள் ஓர் அமைச்சரவை நிறைய இருந்த அன்று அது பொருந்தத்தான் செய்தது.

ஆதரவு என்பது என்ன, தோழர்களே? ஆட்சி அமைக்கும் நாளில் ஒருவர் தரும் வாக்கு, வாழ்நாள் அடிமைச் சாசனமா? "நீ ஆள்வதற்கு நான் தடையில்லை" என்று சொல்வதும், "நீ எது செய்தாலும் சரி" என்று சொல்வதும் ஒன்றா? லிமரிக்கின் உழைக்கும் மக்கள் கெம்மியை அனுப்பியது ஃபிட்ஸ்ஜெரால்டின் நாற்காலிக்கு நான்காவது கால் ஆவதற்கா? காலணி வரியை ஆதரித்துவிட்டு எந்த முகத்தோடு அவர் அந்தத் தெருக்களில் நடந்திருப்பார்?

"எல்லாம் சரி, விளைவைப் பாருங்கள். ஹாஹி அல்லவா வந்தார்?" என்பார்கள். வலுவான கேள்விதான், நழுவப் போவதில்லை. ஆம், வந்தார். 1982 பிப்ரவரி 18 தேர்தலில் ஃபியன்னா ஃபால் 81, ஃபைன் கேல் 63, தொழிற்கட்சி 15. மார்ச் 9இல் 86க்கு 79 என்ற கணக்கில் ஹாஹி பிரதமரானார். அந்த 79இல் ஒரு வாக்கு யாருடையது தெரியுமா? கெம்மியுடையது! காலணி வரியை எதிர்த்தவர்தாம் ஹாஹியையும் எதிர்த்தார். பதவிக்குத் தாவுபவர் என்றால் வெல்லும் பக்கம் தாவியிருக்க மாட்டாரா? வரிக்கு எதிராக ஒரு வாக்கு, ஹாஹிக்கு எதிராக ஒரு வாக்கு. இரண்டும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தவை என்பதைப் பழி பாடியவர்கள் பார்க்க மறுத்தார்கள்.

ஹாஹியைக் கொண்டுவந்தவை புரூட்டனின் காகிதங்கள். தேர்தலுக்குப் போகும் கட்சி, குழந்தையின் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினால் எந்தத் தாய் வரவேற்பாள்? அப்படியும் அந்தக் கட்சி இழந்தது இரண்டே இடங்கள். மக்கள் ஹாஹியை நம்பி ஓடவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆட்சியை வீழ்த்திய நால்வரில் மூவரை மக்கள் திரும்பவும் அவைக்கு அனுப்பினார்கள். லிமரிக் மக்கள் கெம்மியை அனுப்பினார்கள். பழி சொன்ன ஏட்டாசிரியர்களுக்கு அந்த மக்கள் சொன்ன விடை அது. ஹாஹியோ டப்ளின் நகரின் தனி உறுப்பினர் டோனி கிரிகரியோடு முன்னதாகவே உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். அவரை நாம் மெச்சவில்லை. எண்ணத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

உண்மையான பழி எங்கே சேர வேண்டும் என்பதற்கு இன்னொரு செய்தி. ஆட்சி விழுந்த அந்த இரவே ஹாஹியின் கட்சியினர் குடியரசுத் தலைவர் பாட்ரிக் ஹில்லரியின் மாளிகைக்குத் தொலைபேசி மேல் தொலைபேசியாக அழைத்தார்கள். அவையைக் கலைக்காதீர், எங்களிடம் ஆட்சியைத் தாரும் என்ற நெருக்கடி. ஹில்லரி பணியவில்லை, அவையைக் கலைத்தார். எட்டாண்டுகள் கழித்து, 1990இல், குடியரசுத் தலைவர் தேர்தலில் அந்தத் தொலைபேசி மணி மீண்டும் ஒலித்தது. தாம் அழைக்கவே இல்லை என்று சாதித்த பிரையன் லெனிஹனின் பழைய பேச்சுப் பதிவு வெளிவந்தது, வேட்பாளர் சாய்ந்தார், மேரி ராபின்சன் அந்நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார். 1970களில் கருத்தடைச் சட்டத்தைத் திருத்த மேலவையில் போராடியவர் அவர்! ஆனால் 1982இல் இந்தக் குறுக்குவழிக்காரர்களின் பெயரைச் சொல்லிக் கொதித்தவர் எத்தனை பேர்? கொதிப்பெல்லாம் கல்தச்சருக்குச் செலவாகிவிட்டது.

இனி, நாம் பின்னால் தேவைப்படும் என்றோமே, அந்தத் திருச்சபை. அயர்லாந்தில் கருக்கலைப்பு 1861ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அது போதாது, அரசியல் சட்டத்திலேயே ஆணி அடிக்க வேண்டும் என்று 1981இல் ஓர் இயக்கம் கிளம்பியது. ஹாஹி தலையாட்டினார், அதில் வியப்பில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டும் தலையாட்டினார்! நாட்டின் சட்டங்களிலிருந்து மதச் சாயத்தைக் கழுவப் போகிறேன் என்று அதே 1981இல் அறப்போர் முழக்கிய அதே ஃபிட்ஸ்ஜெரால்டு. கழுவ வாளி எடுத்தவர், ஆயர்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

வைக்காதவர் கெம்மி. லிமரிக்கில் குடும்பக் கட்டுப்பாட்டு மருந்தகம் நடத்தத் துணை நின்றவர் அவர். கத்தோலிக்கச் சங்கங்கள் ஆண்களை ஆயிரக்கணக்கில் அணிவகுக்க வைத்த ஊரில், மதம் பேறுகாலத்தை ஆளக் கூடாது என்று வெளிப்படையாகப் பேசியவர். அந்தத் திருத்தத்தை வெளிப்படையாக எதிர்த்தார். நவம்பர் 4இல் ஹாஹியின் ஆட்சி நம்பிக்கை வாக்கெடுப்பில் வீழ்ந்து மீண்டும் தேர்தல் வந்தது. இம்முறை பழி பிரசங்க மேடையிலிருந்து இறங்கியது. குழந்தைகளின் காலணிக்கு வரி வேண்டாம் என்று ஆட்சியையே எதிர்த்தவரைக் குழந்தைகளின் பகைவர் என்றார்கள்! நவம்பர் 24இல் கெம்மி தோற்றார். அவர் இடத்தைப் பிடித்தவர் கூட்டணியின் தொழிற்கட்சி வேட்பாளர். ஜனவரியில் "நீ எங்களுக்கு உதவவில்லையே" என்று அழுதவர்கள், நவம்பரில் பாதிரிமாரின் கூச்சல் அவரைச் சூழ்ந்தபோது எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதுமாதப் பிரதமர் ஹாஹியின் ஆட்சி நாறியது உண்மை. செய்தியாளர்களின் தொலைபேசிகளை ஒட்டுக் கேட்ட கதை 1983 ஜனவரியில் வெளிவந்தது. அதற்குள் ஃபிட்ஸ்ஜெரால்டு மீண்டும் பிரதமர். திருத்தத்தின் வாசகம் ஆபத்தானது என்று அவருடைய தலைமை வழக்கறிஞரே எச்சரித்தார். மாற்ற முயன்றார், முடியவில்லை, சொந்தக் கட்சியினரே சிலர் எதிர்த்தரப்போடு சேர்ந்தார்கள். 1983 செப்டம்பர் 7இல் 66.9 விழுக்காடு வாக்கோடு அந்த ஆணி அறையப்பட்டது. 2012இல் கால்வே நகரில், இந்தியாவிலிருந்து சென்று குடியேறிய 31 வயதுப் பல் மருத்துவர் ஒருவர், கரு பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பின்னும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, குருதியில் நச்சேறி இறந்தார். 2018 மே 25இல் மக்கள் 66.4 விழுக்காடு வாக்களித்து ஆணியைப் பிடுங்கினார்கள். 35 ஆண்டுகள்! அந்த 35 ஆண்டுகளுக்குப் பொறுப்பாளி என்று எந்த ஏடும் ஒரு பெரிய கட்சித் தலைவரை இழுத்து நிறுத்தி, கெம்மியை நிறுத்தியது போல் கேள்வி கேட்கவில்லை.

பழிப்பாட்டு எப்போதும் தோற்கும் என்று நாம் சொல்லவில்லை. போர்ச்சுகலில் வென்றது. 2021 அக்டோபர் 27இல் அன்டோனியோ கோஸ்டாவின் சிறுபான்மை ஆட்சி கொண்டுவந்த வரவு செலவுத் திட்டத்தை, வலதுசாரிகளோடு சேர்ந்து இடதுசாரிச் சிறு கட்சிகள் இரண்டும் தோற்கடித்தன. கோஸ்டா பழியை அவர்கள் தலையில் சுமத்தித் தேர்தலுக்குப் போனார். 2022 ஜனவரி 30இல் ஒரு கட்சி 19இலிருந்து 5 இடங்களுக்கும், மற்றொன்று 12இலிருந்து 6 இடங்களுக்கும் சுருங்கின. கோஸ்டாவுக்கு 230இல் 120 கிடைத்தது. இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை! கேட்க யாரும் இல்லாத அந்தத் தனி ஆட்சி 2023 நவம்பரில் ஊழல் விசாரணை ஒன்றின் நடுவே அவர் பதவி விலகியதும் முடிந்தது. ஒற்றை இடத்தோடு இருந்த தீவிர வலதுசாரிக் கட்சி 2022இல் 12, 2024இல் 50 என்று வளர்ந்தது. அங்கே பழி சுமந்தவர்கள் சுருங்கினார்கள் என்பது உண்மை. அவர்கள் சுருங்கியதால் எந்தப் பூதம் நின்றது என்று பழி சுமத்தியவர்கள் காட்டட்டும்.

"பொது எதிரி வந்துவிடுவான்" என்று நம்மை அடக்க வருபவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பொது எதிரி வந்துவிடுவான் என்ற அச்சம், ஏழையின் மேல் வரி எழுதும்போது உங்கள் பேனாவுக்கு ஏன் வரவில்லை? எங்கள் வாக்கு இன்றியமையாதது என்றால் எங்கள் சொல்லும் இன்றியமையாதது அல்லவா? வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வாயைத் திருப்பித் தரச் சொல்வது கூட்டணி ஆகாது, பண்ணையார் முறை.

கெம்மியின் கதையில் மீதி கொஞ்சம் உண்டு. 1987 ஜனவரியில் ஃபிட்ஸ்ஜெரால்டின் இரண்டாம் ஆட்சியும் வரவு செலவுத் திட்டத்திலேயே உடைந்தது. இம்முறை வெளியேறியது தொழிற்கட்சியே! ஏழைகள் மீதான வெட்டைத் தாங்க முடியாது என்றார்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் கல்தச்சர் சொன்ன அதே காரணம். அதைத் தொடர்ந்த தேர்தலில் லிமரிக் மக்கள் கெம்மியைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1997இல் மறையும் வரை அவர் அவையில் இருந்தார். இரு முறை நகரத் தந்தையும் ஆனார். கணக்கும் வாணிகமும் சொல்லித்தரும் லிமரிக் பல்கலைக்கழகப் பள்ளிக்கு இன்று அவர் பெயர். ஹாஹியின் ஆட்சி கைவிட்ட அந்தக் காலணி வரியைக் குழந்தைகளின் மேல் மீண்டும் போட அதன் பின் வந்த எந்த நிதியமைச்சரும் துணியவில்லை. அயர்லாந்துக் கடைகளில் குழந்தைகளின் உடைக்கும் காலணிக்கும் மதிப்புக் கூட்டு வரி இன்றும் சுழியம்தான்.